கம்பெனி லாபமும் அஞ்சலை அக்கா ஃப்ரிட்ஜும்

போன சித்திரையில ஒரு நாள் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு நோட்டீஸை பிரிண்ட் எடுத்து கடை கண்ணாடியில ஒட்டணும். ஒட்டினதை போட்டோ எடுத்து பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பணும்.

அவ்ளோதான் வேலை.

மரக்காணத்துல வந்து பார்த்திபன்னு கேட்டா பாதி பேருக்கு தெரியாது. ஈ.சி.ஆர். ரோட்டு மேல டிவி கடை வெச்சிருக்கிறவன்னு கேட்டா தெரியும். டிவி, ஃப்ரிட்ஜு, வாஷிங் மெஷின், செல்போன் எல்லாம் விக்கிறேன். எல்லாம் ஒரே கம்பெனி சரக்கு. பேர் வேணாம். வெளிநாட்டு கம்பெனி, ரொம்ப பெருசு. செல்போனும் அவங்களே செய்றாங்க, அது உள்ள இருக்கிற சிப்பும் அவங்களே செய்றாங்க. போட்டிக்காரன் போனுக்குக் கூட சிப்பு இவங்ககிட்டருந்துதான் போகுதாம். அந்த கம்பெனியோட கடைசி நுனி எதுன்னு யாராவது தேடிக்கிட்டே வந்தா, என் கடை வாசப்படியில வந்து முட்டுவாங்க.

அன்னிக்கி காலையில எங்க ஏரியா மேனேஜர் தினேஷ் சார் டீலருங்க குரூப்புல ஒரு மெசேஜ் போட்டார். கம்பெனியோட மூணு மாசத்து ரிசல்ட் வந்துடுச்சு, லாபம் பிச்சிக்கிட்டு போயிருக்குது, எல்லா டீலரும் இதை கடையில ஒட்டணும், வாட்ஸப் ஸ்டேட்டஸ்லயும் வைக்கணும், மொதல்ல போட்டோ அனுப்புற டீலர் கடைக்கு நானே கேக்கோட வருவேன்னு. கீழ ஒரு இங்கிலீஷ் நோட்டீஸ்.

லாபம்னு ஒரு நம்பர் இருந்துது. அதுல எத்தனை சைபர்னு விரல் வெச்சு எண்ணிக்கிட்டே போனேன். நடுவுல ஒருத்தர் வந்து ரிமோட்டுக்கு பேட்டரி கேட்டார். எண்ணினது மறந்து போச்சு. விட்டுட்டேன்.

வந்த நோட்டீஸை வந்த மாதிரியே ஒட்டியிருந்தா இதை எழுத வேண்டிய அவசியமே இல்ல. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே.

இங்கிலீஷ்ல ஒட்டினா நம்ம ஊர்ல யார் நின்னு படிப்பாங்க, தமிழ்ல போட்டா ஜனங்களுக்கு கம்பெனி மேல ஒரு மரியாதை வருமேன்னு தோணுச்சு. போன்லயே போட்டு தமிழாக்கினேன். அது, 'ஞாபகப் பிரிவு அபார வளர்ச்சி'ன்னு குடுத்துது. மெமரி சிப்பு செய்ற இடத்தை சொல்லுதாம். 'வீட்டுச் சாதனப் பிரிவில் மிதமான சூடு'ன்னு இன்னொண்ணு வந்துது. ஃப்ரிட்ஜு விக்கிறவன் கடையில சூடு எதுக்குன்னு அதை மட்டும் எடுத்துட்டேன்.

ஞாபகப் பிரிவை அப்படியே வெச்சேன். கேக்க கௌரவமா இருந்துது.

கடைசியில என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன்.

"இந்த லாபம் எல்லாம் உங்களுக்கே!"

கல்லாவுல என் மனைவி கலா உக்காந்திருந்தா. வாங்கி படிச்சா. "ஏங்க, இது 'உங்களாலே'ன்னு இருக்கணும் இல்ல?"

உங்களாலேன்னு எல்லாரும் போடுவாங்க, உங்களுக்கேன்னு போட்டாதான் படிக்கிறவனுக்கு நெஞ்சுல நிக்கும், விளம்பரம்னா அது ஒரு கலைன்னு அவளுக்கு கொஞ்ச நேரம் பாடம் எடுத்தேன். அவ பேப்பரை என் கையிலயே குடுத்துட்டா.

பக்கத்து ஜெராக்ஸ் கடையில பெரிய சைஸ்ல எடுத்து ஒட்டினேன். ஸ்டேட்டஸ்ல வெச்சேன். போட்டோ எடுத்து குரூப்புல அனுப்பினேன். நான்தான் மொத ஆள். தினேஷ் சார் உடனே கட்டை விரல் காட்டினார். மதியத்துக்குள்ள கேக்கோட வர்றேன், நல்ல சட்டையா போட்டுக்கங்கன்னு தனியா ஒரு மெசேஜும் வந்துது.

மணி அப்போ ஒன்பதரை. அன்னியோட என் வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சு டீ சொன்னேன்.

டீ வர்றதுக்குள்ள ஸ்டேட்டஸை முப்பது நாப்பது பேர் பார்த்துட்டாங்க. கீழ்புத்துப்பட்டுல இருக்கிற கலாவோட தம்பி, ட்ரீட் எப்போ மாமான்னு கேட்டான். ஒருத்தர் கும்பிடுற மாதிரி கை அனுப்பினார். பழைய கஸ்டமர் ஒருத்தர், "எல்லாம்னா எவ்ளோ?"ன்னு மட்டும் கேட்டார். ஜோக்குன்னு நெனச்சு சிரிப்பு பொம்மை அனுப்பினேன்.

பத்தரை மணிக்கு அஞ்சலை அக்கா வந்தாங்க.

அவங்க உப்பளத்துல வேலை செய்றவங்க. விடியறதுக்கு முன்னாடியே போய் உப்பு வாரிட்டு, வெயில் ஏறினதும் திரும்புவாங்க. அன்னிக்கும் நேரா அங்கிருந்துதான் வந்தாங்க. புடவை ஓரத்துல உப்பு காஞ்சு வெள்ளையா கரை கட்டியிருந்துது.

அதுக்கு முந்தின ஆடித் தள்ளுபடியில என்கிட்ட ஒரு ஃப்ரிட்ஜு வாங்கினாங்க. அதுல மோர் பாக்கெட் போட்டு ஐஸாக்கி, கூட வேலை செய்றவங்களுக்கு விக்கணும்னு திட்டம். பங்குனி சித்திரை வெயில்ல பாத்தியில நிக்கிறவங்களுக்கு ஐஸ் மோர் கெடச்சா வேணாம்னா சொல்லுவாங்க? நல்ல திட்டம்தான். ஃப்ரிட்ஜுதான் ஒத்துழைக்கல. உப்புக்காத்து பட்டு பின்னாடி பைப்பு அரிச்சு, பங்குனி பொறக்கும்போதே கேஸ் போயிடுச்சு. வாரண்டி இன்னும் மூணு மாசத்துக்கு மேல இருந்துது. ஆனா கம்பெனி சர்வீஸ்ல, துருவுக்கெல்லாம் வாரண்டி கிடையாதுன்னு எழுதி குடுத்துட்டாங்க.

அக்கா அதுக்கப்புறம் மூணு தடவை என்கிட்ட வந்துட்டாங்க. மூணு தடவையும், "மேல சொல்லியிருக்கேன்க்கா"ன்னு சொன்னேன். மேலன்னா யாருன்னு எனக்கே தெரியாது. சீலிங் ஃபேனை பார்த்து சொல்லுவேன்.

இந்த தடவை அவங்க ஃப்ரிட்ஜை பத்தி பேசல. கண்ணாடி முன்னாடி நின்னு நோட்டீஸை முழுசா படிச்சிட்டு உள்ள வந்தாங்க.

"இன்னா தம்பி, கம்பெனிக்கு நல்ல லாபமாமே?"

"ஆமாங்க்கா."

"எல்லாம் எங்களுக்கேன்னு போட்டிருக்குது."

"அது சும்மா ஒரு பேச்சுக்குக்கா."

"பேச்சுக்கா? அச்சடிச்சு இல்ல ஒட்டியிருக்கிற?"

கலா என்னை பார்க்காம கல்லாப்பெட்டியை தொடைச்சா.

நான் அக்காவை உக்கார வெச்சு பொறுமையா விளக்கினேன். லாபம் கம்பெனிக்கு, நான் வெறும் டீலரு, எனக்கு விக்கிற பொருளுக்கு கொஞ்சம் கமிஷன்தான், கம்பெனி மொதலாளி எந்த நாட்டுல இருக்கிறார்னு கூட எனக்கு சரியா தெரியாதுன்னேன். அவங்க எல்லாத்துக்கும் தலையாட்டினாங்க. கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. ஃப்ரிட்ஜை இங்க கொண்டாந்தா பார்ப்பியா?

ஃப்ரிட்ஜை யார் தூக்கிக்கிட்டு வரப்போறாங்க? அந்த தைரியத்துல, "கொண்டாங்கக்கா, பார்க்கலாம்"னு பெரிய மனுஷன் மாதிரி சொல்லிட்டேன்.

அவங்க போனதும் மேரி டீச்சர் வந்தாங்க. இங்க ப்ளஸ் டூவுக்கு காமர்ஸ் எடுக்கிறவங்க. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிட்டு போகத்தான் வந்தாங்க. வாசல்ல நோட்டீஸை பார்த்ததும் பரீட்சை பேப்பரை பார்த்த மாதிரி நின்னுட்டாங்க. உள்ள வந்ததும் சிவப்பு பேனா இருக்கான்னு கேட்டாங்க.

ஞாபகப் பிரிவுன்னு எழுதினது யாருன்னாங்க. போனுன்னேன். கடைசி வரி யாருன்னாங்க. கலா என் பக்கம் விரலை நீட்டினா.

டீச்சருக்கு அதுக்கப்புறம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மறந்துடுச்சு. பசங்களுக்கு வருஷம் பூரா இல்லாத கம்பெனி கணக்கையே நடத்திக்கிட்டு இருக்கேன், நெசமான கம்பெனி கணக்கு ஒண்ணு கெடச்சிருக்குன்னு, போனை எடுத்து கம்பெனி போட்டிருக்கிற முழு ரிப்போர்ட்டையும் எறக்கினாங்க. கலா பக்கத்துல ஸ்டூலை போட்டு உக்காந்து, விற்பனைன்னா எது, செலவுன்னா எது, லாபம் எப்படி வருதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நான் பின்னாடி அலமாரியில எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடிக்கிட்டே அரைக் காதுல கேட்டேன்.

கலா கடையில உக்காந்தே கணக்கு கத்துக்கிட்டவ. அவ ஒரு கேள்வி கேட்டா. வித்த பொருள் ரிப்பேராச்சுன்னா சரி பண்ணித் தர செலவாகுமே, அது போகத்தான் இந்த லாபமா, அது போகாமலா?

டீச்சர் முகம் மலர்ந்து போச்சு. இந்தக் கேள்வியை ப்ளஸ் டூவுல ஒருத்தரும் கேட்டதில்லையாம். ரிப்போர்ட்டை கடைசி வரைக்கும் தள்ளி, பொடி எழுத்துல இருந்த ஒரு வரியை பெருசாக்கி காட்டினாங்க. வாரண்டி ஒதுக்கீடு. வித்த பொருள்ல இத்தனை ரிப்பேருக்கு வரும்னு மொதல்லயே கணக்கு போட்டு, அதுக்கு ஒரு தொகையை தனியா எடுத்து வெச்சிட்டு, மிச்சத்தைதான் லாபம்னு சொல்லுவாங்களாம்.

"அப்போ ரிப்பேருக்கு காசு ஏற்கெனவே எடுத்து வெச்சாச்சா?"ன்னா கலா.

"எடுத்து வெச்சாச்சு."

கலா என்னை பார்த்தா. நான் ஃபேனை பார்த்தேன்.

அப்பதான் வாசல்ல ஹாரன் சத்தம். ஒரு குட்டி யானை லோடு வண்டி பின்பக்கமா கடையை பார்த்து வந்து நின்னுது. மேல அஞ்சலை அக்கா நிக்கிறாங்க. அவங்க பக்கத்துல கயித்துல கட்டின ஃப்ரிட்ஜு. அது பக்கத்துல இன்னொரு ஃப்ரிட்ஜு. அதுக்கு பின்னாடி இன்னும் ரெண்டு. ஓரத்துல ஒரு வாஷிங் மெஷினும், போர்வையில சுத்தின ஒரு டிவியும்.

தனியா வண்டி பிடிச்சா வாடகை கட்டாது, அதான் தெருவுல எல்லாத்தையும் ஏத்திக்கிட்டோம்னாங்க அக்கா. எல்லாம் என் கடையில வாங்கினது. எல்லாம் துரு. வண்டி பின்னாடியே, பொருளுக்கு சொந்தக்காரங்களும் வேடிக்கை பார்க்கிறவங்களுமா இருபது இருபத்தஞ்சு பேர் நடந்து வந்தாங்க.

கொண்டாங்க பார்க்கலாம்னு சொன்ன வாயால வேணாம்னு எப்படி சொல்றது? எறக்கினாங்க. ஆறையும் வாசல்ல வரிசையா, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிறுத்திட்டாங்க.

அந்த நேரம் பார்த்து தினேஷ் சார் கார் வந்துது.

மனுஷன் ஒரு கையில கேக்கு, ஒரு கையில பலூன் கொத்தோட எறங்கினார். கூட்டத்தை பார்த்ததும் அப்படியே நின்னுட்டார். கண்ணு கலங்கின மாதிரி இருந்துது. ரிசல்டுக்காக இவ்ளோ பேரை கூட்டிட்டீங்களா பார்த்திபன்னு என் தோளை தட்டினார். வரிசையா நின்ன ஃப்ரிட்ஜை பார்த்து, எக்ஸ்சேஞ்சுல பழசை குடுத்து புதுசு வாங்க வந்திருக்காங்களான்னார்.

சார், அது வந்துன்னு ஆரம்பிச்சேன். மொதல்ல போட்டோன்னுட்டார். எல்லாரையும் ஃப்ரிட்ஜுங்களுக்கு பக்கத்துல நிக்க வெச்சார். பலூனை குடுத்து கையை தூக்கச் சொன்னார். அஞ்சலை அக்கா நடுவுல, தன் ஃப்ரிட்ஜு மேல கையை போட்டுக்கிட்டு, மாட்டு சந்தைக்கு மாட்டை ஓட்டிக்கிட்டு வந்த மாதிரி நின்னாங்க. நான் மறுபடியும், சார் ஒரு நிமிஷம்னேன். சிரிங்க பார்த்திபன்னார். சிரிச்சேன்.

போட்டோ எடுத்த கையோட, சென்னை ஆபீஸ் பெரிய அதிகாரிங்க எல்லாம் இருக்கிற குரூப்புல போட்டுட்டார். மரக்காணம் மக்கள் நம்ம வெற்றியை கொண்டாடுறாங்கன்னு எழுதி போட்டாராம்.

போட்டு முடிச்சிட்டு திரும்பி, சொல்லுங்க, என்னவோ சொல்ல வந்தீங்களேன்னார்.

சொன்னேன்.

பலூன் எல்லாம் மத்தவங்க கையில இருந்ததால, காத்து எறங்கினது அவர் மூஞ்சியில மட்டும்தான் தெரிஞ்சுது. ஆனாலும் பழக்கப்பட்டவர். தொண்டையை செருமிட்டு ஜனங்க முன்னாடி நின்னு, இங்க உப்புக்காத்து அதிகம், கடலோரத்துல இரும்பு அரிக்கிறது இயற்கை, இயற்கையால வர்ற சேதாரத்துக்கு கம்பெனி பொறுப்பாகாதுன்னு விதி இருக்குன்னு தன்மையாத்தான் சொன்னார்.

அஞ்சலை அக்கா குரலை ஒசத்தவே இல்ல.

"சார், கடலை நான் போயா கூட்டிக்கிட்டு வந்தேன்? அது இங்கேயேதான் இருந்துது. நீங்கதானே அப்புறமா வந்து கடை போட்டீங்க? உப்பு வாருற ஊர்ல விக்கிறோம், உப்பு தாங்குற மாதிரி செய்யணும்னு உங்க ஆளுங்களுக்கு தோணலையா?"

தினேஷ் சார் என்னை பார்த்தார். இத்தனை வருஷமா அதே ஊர்ல வித்தவன் நான்தான். எனக்கும்தான் தோணல.

மேரி டீச்சர் அப்போ போனோட முன்னாடி வந்தாங்க. சண்டைக்கு வரல, ஒரு சந்தேகம் கேக்கத்தான் வந்தாங்க. இந்த வரியில எடுத்து வெச்சிருக்கிற தொகை, வித்த எல்லா பொருளுக்குமா, இல்ல மரக்காணத்தை விட்டுட்டு மத்த ஊருக்கு மட்டுமான்னு கேட்டாங்க. தினேஷ் சார் போனை வாங்கி பார்த்தார். கண்ணாடியை கழட்டி தொடைச்சிட்டு மறுபடி பார்த்தார். காலையில நோட்டீஸ் அனுப்பின மனுஷன் அந்த ரிப்போர்ட்டை கடைசி பக்கம் வரைக்கும் போய் பார்த்ததில்லன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது. மனசுக்கு கொஞ்சம் ஆறுதலா இருந்துது.

அஞ்சலை அக்கா டீச்சர்கிட்ட கேட்டாங்க. "அப்போ என் ஃப்ரிட்ஜும் இந்த கணக்குல இருக்குதா?"

"இருக்குது."

"நெசமாவா?"

"ஒதுக்கினதுல உங்களோடதும் ஒரு பங்குதான்."

அக்கா அந்த போனை வாங்கி கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அதுல இருந்த இங்கிலீஷ் அவங்களுக்கு படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தாங்க. எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. மூணு தடவை வந்தவங்களை நான் ஒரு தடவையாவது உருப்படியா மேல சொல்லியிருக்கலாம்.

அந்த நேரம் தினேஷ் சாருக்கு சென்னையில இருந்து போன் வந்துது. பெரிய மேடம். போட்டோவை பார்த்திருக்காங்க. இந்தப் பக்கத்துல இருந்து எங்களுக்கு கேட்டது இவ்ளோதான்.

"எஸ் மேடம்... தேங்க்யூ மேடம்... ஃப்ரிட்ஜா? அது... ஆமா மேடம். சர்வீஸ் கேம்ப்தான் மேடம்."

குரல் எறங்கிடுச்சு.

"ஃப்ரீயா மேடம்? ...ஆமா மேடம். ஃப்ரீதான்."

இன்னும் எறங்கிடுச்சு.

"நாலு நாளா? ...சரிங்க மேடம். நாலு நாள்."

போனை வெச்சிட்டு அவர் கேக்கு பெட்டி மேலேயே உக்காரப் போனார். கலா ஓடிப்போய் ஸ்டூலை போட்டா. லாபம் வந்ததை சர்வீஸ் கேம்ப்போட கொண்டாடுறது அருமையான யோசனைன்னு மேடம் பாராட்டினாங்களாம். அது கேம்ப் இல்லன்னு சொன்னா, அந்த போட்டோ என்னன்னு சொல்லணும். அதை சொல்ல முடியாது. அதனால அது கேம்ப் ஆயிடுச்சு.

அடுத்து கேக்கு. பெட்டியை திறந்தா க்ரீம் எல்லாம் உருகி ஒரு பக்கமா சாஞ்சு போயிருந்துது. ஃப்ரிட்ஜுல வெச்சு எடுக்கலாம்னு தினேஷ் சார் சொன்னார். நல்ல யோசனை. கடைக்குள்ள எட்டு புது ஃப்ரிட்ஜு இருக்குது, கரண்ட் பில்லுக்கு பயந்து நான் ஒண்ணுத்துக்கும் ப்ளக்கு சொருகல. வாசல்ல நாலு இருக்குது, அதுங்க கதை தெரிஞ்சதே. பன்னெண்டு ஃப்ரிட்ஜுக்கு நடுவுல நின்னுக்கிட்டு கேக்கை கரண்டியால அள்ளி பேப்பர் கப்புல போட்டு குடுத்தோம். பாயசம் மாதிரி இருந்துதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அஞ்சலை அக்கா ரெண்டாவது கப்பு வாங்கினாங்க.

மறுநாள் பாண்டிச்சேரியில இருந்து ரெண்டு மெக்கானிக்கு வந்தாங்க. அந்த ஆறோட நிக்கல. சேதி பரவி சுத்துப்பட்டு ஊர்ல இருந்தெல்லாம் துரு வந்துது. அக்கா ஃப்ரிட்ஜுக்கு பைப்பை மாத்தி, கேஸ் அடிச்சு, துரு ஏறாம இருக்க பின்பக்கம் பூரா ஏதோ பூசி குடுத்தாங்க. மூணாம் நாள் அக்கா ஒரு பை நிறைய ஐஸ் மோர் பாக்கெட்டோட வந்து மெக்கானிக்குங்களுக்கும் கலாவுக்கும் டீச்சருக்கும் குடுத்தாங்க. எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. குடிச்சிட்டு நல்லா இருக்குதுக்கான்னேன். "மேல சொல்லிடு தம்பி"ன்னாங்க.

கேம்ப்புக்கு பந்தல், சேர், டீ, மெக்கானிக்குங்க சாப்பாடு எல்லாம் டீலர் செலவாம். அது எந்த ஒதுக்கீட்டுல வரும்னு டீச்சரை கேட்டேன். அது உங்க ஞாபகப் பிரிவுல வரும்னுட்டாங்க.

மூணு மாசம் கழிச்சு கம்பெனியோட அடுத்த ரிசல்ட் வந்துது. லாபம் கொஞ்சம் குறைஞ்சிடுச்சாம். இந்த தடவை ஒட்டச் சொல்லி யாரும் மெசேஜ் போடல. கடை டிவியில நானும் கலாவும் பார்த்துக்கிட்டு இருந்தோம். கோட்டு போட்ட நாலு பேர் உக்காந்து, சிப்பு விலை எறங்கினதுன்னாங்க, டாலர்னாங்க, வெளிநாட்டு சந்தைன்னாங்க.

மரக்காணம்னு ஒருத்தரும் வாயைத் திறக்கல.